படிவத்தில் இடமில்லாத ரசஞ்சோறு

சில மாதங்களுக்கு முன், நான் கற்பிக்கும் ஆக்குபேஷனல் தெரபிப் படிப்பின் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர், தாம் மதிப்பீடு செய்த நோயாளியின் கோப்பை என் மேசைக்குக் கொண்டுவந்தார். பக்கவாதம் வந்து ஐந்து மாதங்கள் ஆகியும் வலக்கை முழுமையாகத் தேறாத, அறுபது வயதை நெருங்கும் ஓர் அம்மாவின் கோப்பு அது. அன்றாடச் செயல்களை ஒருவர் எந்த அளவுக்குத் தாமே செய்கிறார் என்பதை அளக்கும் பார்த்தெல் குறியீட்டுப் படிவத்தில் 'உணவு உண்ணுதல்' என்ற வரிக்கு நேரே மாணவர் முழு மதிப்பெண்ணான 10 போட்டிருந்தார். விதிப்படி அதில் பிழையில்லை. அந்த அம்மா இடக்கையால் கரண்டியைப் பிடித்து, யார் உதவியும் இன்றித் தாமே சாப்பிட்டுவிடுகிறார். ஆனால் பேச்சுவாக்கில் அவர், "கல்யாண வீட்டுக்குப் போறதையே விட்டுட்டேன் தம்பி, பந்தியில உக்காந்து இடது கையால எப்படிச் சாப்பிடறது?" என்று கேட்டிருக்கிறார். அதை எழுதுவதற்குப் படிவத்தில் இடம் இல்லாததால் மாணவர் எழுதவில்லை. என்னிடம் வாய்மொழியாகத்தான் சொன்னார்.

நாங்கள் செய்யும் வேலையின் பெயரிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. ஆக்குபேஷனல் தெரபியைச் சுருக்கி ஓ.டி. என்றால், அறுவை அரங்கம் என்று நினைத்துப் பதறிய உறவினர்களை நான் பார்த்திருக்கிறேன். 'தொழில்வழிச் சிகிச்சை' என்று தமிழில் சொன்னால், வேலை வாங்கித் தருவீர்களா என்று கேட்கிறார்கள். ஆக்குபேஷனல் தெரபியில் வரும் 'ஆக்குபேஷன்' பிழைப்புக்கான தொழிலை மட்டும் குறிப்பதன்று. குளிப்பது, உடுத்துவது, உண்பது, சமைப்பது, விளையாடுவது, பேரனைத் தூக்குவது என ஒருவருடைய நாளை நிரப்பும் எல்லாமே அதில் அடங்கும். அப்படியானால், அந்த அம்மாவின் நாளில் எது விட்டுப்போயிருக்கிறது என்பதைக் காட்டாத அளவுகோலைக் கொண்டு நாங்கள் எதை அளக்கிறோம் என்ற கேள்வி எழாமல் இருக்க முடியாது.

பார்த்தெல் குறியீடு 1965இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் வெளியானது. பத்துச் செயல்கள், மொத்தம் 100 மதிப்பெண்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும், உலகமெங்கும் ஒப்பிடலாம். அதன் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் உண்ணுதல் வரியில் பாதி மதிப்பெண் தருவதற்கான விளக்கத்தைப் பாருங்கள்: உணவை வெட்டுவதற்கும் வெண்ணெய் தடவுவதற்கும் உதவி தேவைப்பட்டால் 5. சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து, ஒழுகாமல் விரல்களில் ஏந்தி, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளும் ஒருவருக்கு வெண்ணெய்க் கத்தியோடு என்ன உறவு? மாணவர்களும் அந்த வரியைச் சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறார்கள். ஆய்வேடு எழுதும்போது மட்டும் அதே படிவத்தை, ஏன் எடுத்தோம் என்று ஒரு சொல் கூட எழுதாமல், பின்னிணைப்பில் சேர்க்கிறார்கள்.

இந்தியாவில் ஆக்குபேஷனல் தெரபிப் படிப்பு, அமெரிக்காவில் பிறந்து இந்தியாவைத் தம் நாடாக்கிக்கொண்ட கமலா நிம்ப்கர் 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பள்ளியைத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. 1952இல் ஆக்குபேஷனல் தெரபி சிகிச்சையாளர்களின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதன் நிறுவன உறுப்பு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பாடத்திட்டமும் அளவுகோல்களும் வெளியிலிருந்து வந்தது தொடக்கக் காலத்தில் இயல்பு. எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் கேள்விகள் கூட வெளியிலிருந்தே வருகின்றன என்பதுதான் என் மனக்குறை.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு நம் வேலூரிலேயே இருக்கிறது. 1940களின் இறுதியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்யத் தொடங்கினார். இடம் மாற்றித் தைக்கப்பட்ட தசைக்குப் புது வேலையைக் கற்றுக்கொடுப்பது சிகிச்சையாளரின் பொறுப்பு. அது இல்லாமல் அறுவை மட்டும் கையைத் திருப்பித் தராது. அதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது அடுத்த கட்டம். தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று நம்பப்பட்ட காலம் அது. பிராண்டும் உடன் பணியாற்றியவர்களும் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்கள். நோயாளிகள் தச்சுப் பட்டறையில் வேலை செய்வதையும் கதவுச் சாவியைத் திருகுவதையும் சூடான பாத்திரத்தைத் தொடுவதையும் பக்கத்தில் இருந்து கவனித்தார்கள். வலி உணர்வு போனதால், எவ்வளவு அழுத்துகிறோம், எப்போது சுடுகிறது என்பது கைக்குத் தெரியவில்லை என்பது புரிந்தது. இரவில் காணாமல் போன விரல் நுனிகளை எலிகள் கடித்திருந்தன என்று கண்டுபிடித்ததும், நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. மருத்துவ வரலாற்றில் இதைவிட எளிமையான, இதைவிடத் துல்லியமான சிகிச்சைப் பரிந்துரையை நான் படித்ததில்லை. அன்றாடச் செயலை உற்றுப் பார்த்ததிலிருந்து கேள்வியும் கேள்வியிலிருந்து ஆய்வும் பிறந்தன.

ஆய்வு முடிவுகளின் அடிப்படையில் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் 'சான்று சார்ந்த சிகிச்சை'யை நான் வகுப்பில் இங்கிருந்துதான் தொடங்குகிறேன். அதற்குப் பிறகே பெரிய ஆய்வுகளுக்குப் போகிறோம். 2006இல் வெளியான எக்ஸைட் ஆய்வில், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆன 222 பேர் சேர்க்கப்பட்டார்கள். நல்ல கையைப் பயன்படுத்தாதபடி உறை மாட்டிவிட்டு, பாதிக்கப்பட்ட கைக்கு இரண்டு வாரங்கள் நாள்தோறும் பல மணி நேரம் பயிற்சி கொடுத்ததில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் கைப்பயன்பாடு மேம்பட்டது. மாணவர்கள் உடனே, "இதையே அந்த அம்மாவுக்குச் செய்யலாமே" என்றார்கள். யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்று படியுங்கள் என்றேன். மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது நிமிர்த்த முடிந்தவர்களுக்குத்தான் அந்த முடிவு பொருந்தும். அந்த அம்மாவால் நிமிர்த்த முடிகிறது. ஆனால் அத்தனை மணி நேரத்துக்கு எங்கள் புறநோயாளர் பிரிவில் சிகிச்சையாளரும் கிடையாது, இடமும் கிடையாது.

வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் என்ன? அதற்கும் நம் நாட்டிலேயே செய்த ஆய்வு ஒன்று உண்டு. அட்டென்ட் என்ற பெயரில், 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளோடு நடத்தப்பட்டு, 2017இல் லான்செட் இதழில் வெளியானது. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே மறுவாழ்வுச் சிகிச்சையைத் தொடரச் செய்தார்கள். ஆறு மாத முடிவில் இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்திருந்தவர்கள் இரு குழுக்களிலும் 47 விழுக்காடு; வேறுபாடு இல்லை. இந்த முடிவைக் கேட்டதும் வகுப்பில் அமைதி நிலவும். பிறகு யாராவது ஒருவர், அளவுகோல் பரும்படியானது, சிறு மாற்றங்கள் அதில் தெரிந்திருக்காது என்பார். எனக்கும் அப்படி நினைக்கத்தான் ஆசை. ஆனால் நமக்குப் பிடிக்காத முடிவு வரும்போது மட்டும் அளவுகோலைக் குறை சொல்வது ஆய்வு மனப்பான்மை ஆகாது. எவ்வளவு பயிற்சி, யார் கொடுத்தது, எந்தச் செயலுக்கு, எத்தனை நாள் என்று அடுத்த கேள்விகளைத் துல்லியமாக்குவதற்கே அந்த முடிவு உதவ வேண்டும்.

ஒருவர் தமக்கு முக்கியமான செயல்களைத் தாமே சொல்லி, செய்யும் திறனுக்கும் அதில் உள்ள நிறைவுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் இடும் கனடிய முறை 1991இலிருந்தே இருக்கிறது. அதை மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். ஆனால் எங்கள் பிரிவில், "உங்களுக்கு எது முக்கியம்?" என்று கேட்டால், "நீங்களே சொல்லுங்க டாக்டர்" என்ற பதில்தான் வரும், அல்லது பக்கத்தில் நிற்கும் மகன் பதில் சொல்வார். கேள்வியை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது; கேட்கும் இடத்தையும் மாற்ற வேண்டியிருக்கிறது. மாணவர் ஒருவருக்குக் குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும் என்பது உலகக் கூட்டமைப்பின் நெறி. அதில் பெரும்பகுதி மருத்துவமனைச் சுவர்களுக்குள்ளேயே கழிகிறது. வீட்டு அடுப்படியில், வாளியும் குவளையும் வைத்த குளியலறையில், தரையில் போட்ட இலைக்கு முன்னால் ஒரு பங்காவது கழிய வேண்டும் என்று நான் துறைக் கூட்டங்களில் சொல்லிச் சொல்லி, இப்போது நான் எழுந்தாலே என்ன சொல்லப்போகிறேன் என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

அந்த மாணவரை அம்மாவின் வீட்டுக்கு அனுப்பினேன். சோறு பிசைவதைப் பகுதி பகுதியாகப் பிரித்து எழுதச் சொன்னேன்: விரல்களைக் குவித்தல், உள்ளங்கையைக் குழித்தல், முன்கையைத் திருப்புதல், கட்டைவிரலால் தள்ளுதல். சிகிச்சை தொடங்கும் முன் சில நாட்கள் அளந்து, தொடங்கிய பின்னும் அதே முறையில் அளந்து ஒப்பிடும் ஒற்றை நோயாளி ஆய்வு முறையைப் பயன்படுத்தச் சொன்னேன். இலையிலிருந்து வாய்க்குப் போகும் கவளங்களில் எத்தனை சிந்தின என்பதே அளவு. தேர்வாளர்கள் இதை ஆய்வு என்று ஏற்பார்களா என்று அவருக்குக் கவலை. எனக்கும் அந்தக் கவலை கொஞ்சம் உண்டு.

நான்காவது வாரம் அவர் மீண்டும் கோப்போடு வந்தார். தயிர்ச்சோறு பரவாயில்லை, ரசஞ்சோறு இன்னும் முழங்கை வரை ஒழுகுகிறது என்று அந்த அம்மா சொன்னாராம். பந்தியில் ரசம் வரும்போது இலையை மூடிவிடலாமா என்றும் கேட்டாராம். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மாணவர் கேட்டார். இப்போதைக்கு ஓரத்தில் எழுதுங்கள், அடுத்த படிவத்தை நாம் அச்சிடும்போது அதற்கு ஒரு வரி போடுவோம் என்றேன்.