மெட்டு டெனரிடமே இருக்கட்டும்: கிரான்புரூக் பதிப்பு வேலை

தாமஸ் கிளார்க் இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரத்தில் காலணி தைத்துப் பிழைத்தவர். மெதடிஸ்ட் ஆலயத்தில் பாட்டை நடத்தியவரும் அவர்தான். 1805இல் அவர் வெளியிட்ட மெட்டுத் தொகுப்பில் ‘கிரான்புரூக்’ என்ற மெட்டு இருக்கிறது. கென்ட் பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது. இன்றைய ஆங்கிலேயர்களிடம் இந்த மெட்டை முனகிக் காட்டினால், தொப்பி போடாமல் இல்க்லி மேட்டுக்குப் போனவனைக் கிண்டல் செய்யும் யார்க்‌ஷயர் பாட்டைத்தான் உடனே பாடுவார்கள். அந்தப் பாட்டு எனக்கும் பிடிக்கும். ஆனால் அது பின்னால் வந்தது. கிளார்க் இதைச் சேர்த்தது ஃபிலிப் டாட்ரிட்ஜ் எழுதிய, ‘கிருபை’ என்ற சொல்லோடு தொடங்கும் துதிப்பாடலுடன். அந்தத் துதிப்பாடலின் மகிழ்ச்சி முழுசாகக் கேட்கும்படி, இன்றைய நான்கு குரல் பாடற்குழு கையில் எடுத்துப் பாடக்கூடிய ஒரு பதிப்பைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் தீர்க்க வேண்டியிருந்தது மெட்டை யார் பாடுவது என்பது. அக்காலத்து ஆலய மாடங்களில் பாடிய குழுக்களில் மெட்டு டெனருக்கு, அதாவது ஆண்களின் உயர்ந்த குரலுக்கு, உரியது. பெண்களின் உயர்ந்த குரலான சொப்ரானோ அதற்கு மேலே வேறொரு வரியைப் பாடும். பிற்காலப் பதிப்பாளர்கள் பலர் மெட்டைத் தூக்கிச் சொப்ரானோவிடம் கொடுத்துவிட்டு, மேலே இருந்த வரியை டெனருக்கு இறக்கிவிட்டார்கள். தாளில் இது சின்ன மாற்றம். காதில் அப்படியில்லை. மேலே மினுங்கிக்கொண்டிருந்த வரி உள்ளே புதைந்துபோகிறது. நான் பாடும் குழுவில் டெனர்கள் இரண்டே பேர் என்பதால், பழைய அமைப்பை அப்படியே வைத்தால் மெட்டு கேட்காது. இதற்கு விடையும் பழைய வழக்கத்திலேயே இருந்தது: பெண்கள் சிலர் டெனர் வரியை மேல் ஸ்தாயியில் சேர்ந்து பாடுவார்கள், ஆண்கள் சிலர் மேல்வரியைக் கீழ் ஸ்தாயியில் பாடுவார்கள். ஆகவே மெட்டை டெனர் வரியிலேயே வைத்து, சொப்ரானோவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மெட்டையும் மறு பாதிக்கு மேல்வரியையும் எழுதிவிட்டேன். நான்கு வரிகள்தான், ஆனால் ஐந்து குரல் பாடுவது போல நிறைகிறது. இந்தப் பதிப்பில் எனக்கு மிகவும் நிறைவு தந்த முடிவு இதுதான்.

அடுத்தது சொற்களை ஸ்வரங்களுக்கு அடியில் பொருத்துவது. டாட்ரிட்ஜின் பாடலில் அடிக்கு 6, 6, 8, 6 அசைகள். இதே மெட்டுக்குக் கிறிஸ்துமஸில் பலர் பாடுவது நேஹம் டேட் எழுதி 1700இல் அச்சான, மந்தை காத்த மேய்ப்பர்களைப் பற்றிய பாட்டு. அதன் சந்தம் 8, 6, 8, 6. அதாவது முதல் அடியில் மட்டும் இரண்டு அசைகள் கூடுதல். டாட்ரிட்ஜுக்கு வளைகோடு போட்டு ஓரசையில் இழுக்கும் ஸ்வரங்கள், மேய்ப்பர் பாட்டில் பிரிந்து ஆளுக்கோர் அசையை வாங்கிக்கொள்கின்றன. ஒரே வரியில் இரண்டு பாட்டையும் அடுக்கி, விட்டுவிட்டு வரும் புள்ளிக்கோடுகளால் சமாளிப்பது அச்சில் வழக்கம். எனக்கு அது பிடிக்கவில்லை. முதல் முறை தாளைப் பார்ப்பவர் எந்தக் கோடு தனக்கு என்று தேடும்போதே அடி கடந்துபோய்விடும். அதனால் முதல் அடியை மட்டும் இரண்டு பாட்டுக்கும் தனித்தனியாக எழுதினேன். அரைப் பக்கம் கூடியது, கூடட்டும்.

மூன்றாம் அடி இன்னும் நுட்பமானது. டாட்ரிட்ஜின் முதல் சரணத்தில் அது ‘ஹெவ்ன்’ என்ற ஓரசைச் சொல்லோடு, முதல் அசையிலேயே அழுத்தமாகத் தொடங்குகிறது. வானம் எதிரொலிக்கும் என்கிற அடி அது. மற்ற சரணங்களில் அதே இடத்தில் ‘அண்ட்’, ‘இட்’ போன்ற லேசான சொற்கள் நிற்கின்றன, அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போய்விடுகிறது. மெட்டு ஒன்றுதான். முதல் ஸ்வரத்தின் மேல் அழுத்தக்குறி போட்டால், இரண்டாம் சரணத்தில் ஒரு வெறும் இணைப்புச் சொல் முழங்கும். குறியே போடாவிட்டால் வானம் சப்பென்று வந்து போகும். எனவே ஸ்வரத்தின் மேல் எதுவும் போடவில்லை. முதல் சரணத்தின் அந்தச் சொல்லை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறேன். பழைய அச்சில் உள்ளபடி மேற்குறியோடு சுருக்கி எழுதியதையும் மாற்றவில்லை. முழு எழுத்தில் போட்டால் பாடுபவர்கள் அதை இரண்டு அசையாக நீட்டிவிடுவார்கள்.

கடைசி அடி மூன்று முறை திரும்ப வரும். பூமி முழுவதும் கேட்கும், கேட்கும், கேட்கும் என்று சொல்லும் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்படித் திரும்பத் திரும்பப் பாடுவதை ரசனையற்றது என்று ஒதுக்கியவர்கள் உண்டு. 1861இல் வந்த ‘பண்டைய, நவீனத் துதிப்பாடல்கள்’ தொகுப்பின் அடக்கமான நடை பரவியதும், மாடக் குழுக்களும் அவர்களுடைய பஸ்ஸூன், செல்லோ, கிளாரினெட் கருவிகளும் ஆலயங்களிலிருந்து மெல்ல மறைந்தன. அவற்றின் இடத்தை ஆர்கனும் ஹார்மோனியமும் பிடித்தன. நான் ஒரு திரும்புதலையும் வெட்டவில்லை. மூன்றாவது முறைக்குமுன் மூச்செடுக்க ஒரு காற்புள்ளிக் குறி மட்டும் சேர்த்திருக்கிறேன்.

இசைவு, அதாவது குரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒலிக்கும் விதம், அதில் கை வைக்கக் கூடாது என்பது என் கட்சி. இந்த வகை மெட்டுகளில் நடு ஸ்வரம் இல்லாத வெறும் ஐந்தாம் இடைவெளிகள் வரும், இரண்டு குரல்கள் ஐந்தாம் இடைவெளியிலேயே சேர்ந்து நகரும். இசைப் பள்ளியில் படித்தவர் பார்த்தால் சிவப்பு மை தேடுவார். ஆனால் பாடிப் பாருங்கள், அந்த வெறுமையில் ஒரு முரட்டுப் பிரகாசம் இருக்கிறது. அங்கே இனிப்பான மூன்றாம் ஸ்வரத்தை நிரப்பினால், எந்தக் காலத்துப் பாட்டு என்றே தெரியாமல் போய்விடும். அச்சுப்பிழை என்று தெளிவாகத் தெரியும் இடத்தில் மட்டும் திருத்தி, திருத்திய ஸ்வரத்தைச் சிறிய எழுத்தில் காட்டுகிறேன். சுருதியை ஒரு முழு ஸ்வரம் இறக்கியதையும் முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்கிறேன். வேறு குழுவினர் ஏற்ற நினைத்தால் ஏற்றிக்கொள்ளலாம்.

இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் டெனர், பாஸ் (ஆண்களின் தாழ்ந்த குரல்), இரண்டு சொப்ரானோ வரிகளும் முடிந்துவிட்டன. சொப்ரானோவுக்கும் டெனருக்கும் இடைப்பட்ட ஆல்ட்டோ இன்னும் பாக்கி. அக்காலத்தில் அந்த வரியைப் பெரும்பாலும் ஆண்களே பாடினார்கள், அதனால் சில இடங்களில் இன்றைய பெண் குரலுக்கு மிகத் தாழ்ந்துபோகிறது. அந்த இடங்களில் மட்டும் மாற்று ஸ்வரங்களைச் சிறியதாக மேலே எழுதலாமா, அல்லது டெனரில் ஒருவரை அங்கே சேர்த்துக்கொள்ளலாமா என்பதை அடுத்த ஒத்திகையில் இரண்டு விதமாகவும் பாடிக் கேட்டுவிட்டுத் தீர்மானிக்கப் போகிறேன்.