உயிரியல் டீச்சர் காட்டிய கடற்பஞ்சு

நான்காம் படிவத்தில் நமக்கு உயிரியல் எடுத்த டீச்சரைப் பற்றி இந்த முன்னாள் மாணவர் சங்க மலரில் யாராவது கட்டாயம் எழுத வேண்டும். இன்று மெல்பர்னில் ஒரு மருத்துவமனையில் புற்றுநோய் மருந்து கலக்கும் மருந்தாளுநராக நான் இருப்பதற்கு அவரும், மலேசியாவில் நம் ஊருக்குப் பக்கத்துத் தஞ்சோங் துவான் முனையின் கடற்பாறைகளில் ஒட்டிக் கிடந்த கடற்பஞ்சுகளும்தான் காரணம்.

லுக்குட் ஊரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் நாம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு, அப்புறம் டவுனில், இடைநிலைப் பள்ளியின் முதல் படிவத்துக்கு முந்தைய புகுமுக வகுப்பு. கடல் அவ்வளவு பக்கத்தில் இருந்தும், ஞாயிற்றுக்கிழமை தெலுக் கெமாங் கடற்கரையில் குளித்துவிட்டு, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டு வருவதோடு சரி. டீச்சர்தான் நீர் வற்றும் நேரம் பார்த்து நம்மைத் தஞ்சோங் துவானுக்கு அழைத்துப் போனார். நிலப்பக்கம் முழுக்க நெகிரி செம்பிலான் மாநிலம் இருக்க, அந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

பாறை இடுக்கில், தேங்கிய நீருக்குள், ஆரஞ்சு நிறத்தில் ஏதோ படர்ந்திருந்தது. "டீச்சர், இது பாசியா?" என்று கேட்டேன். "இல்லய்யா, பிராணி. கிட்டப் போய்ப் பாரு, தொடாத" என்றார். ஊசியில்லாத சிரிஞ்சில் பலகாரத்துக்குப் போடும் நீலக் கலரைக் கரைத்து, அதன் ஓரமாக மெல்ல விட்டார். கொஞ்ச நேரத்தில் மேலே இருந்த பெரிய துவாரம் வழியாக நீலம் வெளியே வந்தது. வாய் இல்லை, வயிறு இல்லை, இதயமும் நரம்பும் இல்லை. ஆனாலும் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது! உள்ளறைகளில் வரிசையாக நிற்கும் கழுத்துப்பட்டை உயிரணுக்கள் சாட்டை போன்ற இழையைச் சுழற்றுவதால் ஓடும் நீரோட்டம் அது. நீரிலுள்ள பாக்டீரியாவை அவை பிடித்துத் தின்னும். 1820களில் எடின்பரோவில் விலங்கியலாளர் ராபர்ட் கிராண்ட் இந்த ஓட்டத்தைக் கவனித்துத்தான் இது பிராணி என்று நிறுவினார். இளம் டார்வின் அவரோடு கடற்கரையில் அலைந்தவர்.

இனப்பெருக்கத்தை டீச்சர் விவரித்தது எனக்கு வரிவரியாக ஞாபகம் இருக்கிறது. கடற்பஞ்சுக்குத் தனி இனவுறுப்பு கிடையாது. நீரைச் சுழற்றிய அதே உயிரணுக்கள்தான் பெரும்பாலும் விந்தணுக்களாக மாறுகின்றன. அவை பெரிய துவாரம் வழியாகப் புகை போல வெளியேறும். பக்கத்துக் கடற்பஞ்சு தண்ணீரோடு அவற்றை உள்ளே இழுக்கும். அங்கே இரை பிடிக்கும் உயிரணு ஒன்று விந்தணுவைப் பிடிக்கிறது, ஆனால் செரிக்காமல், தன் இழையை உதிர்த்துவிட்டு, அதைச் சினைமுட்டைவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பிறக்கும் இளவுயிரி சில மணி நேரமோ ஓரிரு நாளோ நீந்தும். பிறகு ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால் ஆயுள் முழுக்க அங்கேதான். உடைந்த துண்டும் தனியாக வளரும். 1907இல் உயிரியலாளர் எச். வி. வில்சன் ஒரு கடற்பஞ்சைப் பட்டுத்துணியில் பிழிந்து தனித்தனி உயிரணுக்களாகப் பிரித்தார். அவை ஊர்ந்து ஒன்றுசேர்ந்து மறுபடி கடற்பஞ்சாயின. இதைக் கேட்டு வகுப்பே வாயடைத்துப் போனது.

"ஓட முடியாதது எப்படித் தப்பிக்கும்?" என்று கேட்டார் டீச்சர். யாரும் வாய் திறக்கவில்லை. "உங்க அம்மா வெட்டுற மரத்துக்குப் பால் எதுக்கு?" என்றார். ரப்பர் மரம் பால் சுரப்பது நமக்காக அல்ல, பட்டையைக் கடிக்கும் பூச்சியின் வாயை ஒட்ட வைப்பதற்காக. கடற்பஞ்சும் அப்படி ரசாயனத்தால் காத்துக்கொள்கிறது. சில வகைகளில் உடல் எடையில் 40 சதவீதம்வரை நுண்ணுயிரிகள்; அந்த ரசாயனங்களில் பலவற்றைத் தயாரிப்பவை அவைதான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்லியிருக்க முடியாது.

நான் கலக்கும் சைட்டராபைன் அந்த வழியில் வந்த மருந்து. புளோரிடாக் கடலில் எடுத்த ஒரு கடற்பஞ்சில், வழக்கமான சர்க்கரைக்குப் பதில் அராபினோஸ் என்ற வேறு சர்க்கரை கோத்த நியூக்ளியோசைடுகளை (மரபிழையான டிஎன்ஏவைக் கட்டும் கூறுகளை) 1950களின் தொடக்கத்தில் வேதியியலாளர் வெர்னர் பெர்க்மான் கண்டார். அந்த அமைப்பைப் பின்பற்றி வேதியியலாளர்கள் சைட்டராபைனை உருவாக்கினார்கள். புற்றணு அதைத் தன் சரக்கு என்று நம்பி மரபிழைக்குள் சேர்த்துக்கொள்கிறது. மேற்கொண்டு இழை நீள முடியாமல் நின்றுவிடுகிறது. 1969இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, இன்றும் ரத்தப் புற்றுநோய்க்கு முக்கியமான மருந்து. ஜப்பானில் 600 கிலோ கடற்பஞ்சிலிருந்து கிடைத்த, புற்றணுவை எதிர்க்கும் ஹாலிகோண்ட்ரின் பி என்ற பொருள் வெறும் 12.5 மில்லிகிராம். அதற்காகக் கடலைத் துடைத்தெடுக்க முடியுமா? வேதியியலாளர் யோஷிட்டோ கிஷி 1992இல் அதை ஆய்வகத்திலேயே உருவாக்கிக் காட்டினார். அதன் பாதி வடிவமான எரிபுலின் 2010 முதல் பரவிய மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது. அந்தக் குப்பியை எடுக்கும்போதெல்லாம் டீச்சரை நினைத்துக்கொள்வேன்.

இவ்வளவு நஞ்சும், உடல் முழுக்கக் கண்ணாடி முள்ளும் இருந்தும், அழுங்காமைக்குக் கடற்பஞ்சுதான் விருப்பமான உணவு. அந்த ஆமை நம் பக்கத்து மலாக்காக் கடற்கரைகளுக்கும் முட்டையிட வருகிறது. கடற்பஞ்சு போனால் ஆமையும் பசியால் வாடும். பவளப்பாறைக்கும் கடற்பஞ்சு வேண்டும்: நீரில் கரைந்த கரிமப் பொருளை உறிஞ்சி, தன் பழைய உயிரணுக்களை உதிர்த்து மற்றப் பிராணிகளுக்கு இரையாக்குகிறது என்று 2013இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கரையில் மண் கரைந்து நீர் கலங்கினால் முதலில் அடைபடுவது அதன் துளைகள்தான். இதை நம் ஊர்ப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். பள்ளிக்கு இரண்டு நுண்ணோக்கிகள் வாங்கிக் கொடுப்போம். உயிருள்ளதைப் பிய்க்க வேண்டாம். பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு வெளியே கரை ஒதுங்கிய காய்ந்த துண்டு போதும். அதைக் குளோராக்ஸில் (துணி வெளுக்கும் திரவத்தில்) ஊறவைத்தால் சதை கரைந்து, அந்த வகைக்கு இருக்குமானால், சிலிக்கா முட்கள் மட்டும் மிஞ்சும். 100 மடங்கு பெரிதாக்கினால் நன்றாகவே தெரியும். வாங்க முடிவானால், தஞ்சோங் துவானுக்குப் போய்வர இந்த ஆண்டு பஸ் வாடகை என் பொறுப்பு.