ஷிஃப்ட் பட்டனும் ஒரு மார்க்கர் பேனாவும்

2002-ல் ஐரோப்பாவில் விற்ற சில பாட்டு சிடிக்கள் கணினியில் ஓடாது. காரணம், பாட்டை நகலெடுக்காமல் தடுக்க சோனி போட்ட கீ2ஆடியோ என்ற பூட்டு. சிடியின் வெளி ஓரத்தில் இருக்கும் கூடுதல் தடத்தைப் பார்த்துக் கணினி குழம்பிவிடும். அந்த ஓரத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசினால் தடம் மறையும், பாட்டு சமர்த்தாக ஓடும். அவ்வளவுதான் பூட்டு!

அடுத்த வருடம் சன்காம் நிறுவனத்தின் மீடியாமேக்ஸ் என்ற பூட்டு மென்பொருள் வந்தது. சிடியைப் போட்டதும் விண்டோஸில் தானாக ஏறி நகலெடுப்பதைத் தடுக்கும். ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டு சிடியைப் போட்டால் அது ஏறவே ஏறாது என்று எழுதினார், பிரின்ஸ்டன் ஆராய்ச்சி மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மேன். வழக்குப் போடுவோம் என்று குதித்த நிறுவனம் மறுநாளே பின்வாங்கியது. பின்னே, ஷிஃப்ட் அழுத்தியதற்கு எந்தக் கோர்ட்டில் போய் என்ன வாதாடுவது?

அப்புறம் 2005. சோனி பிஎம்ஜி சிடிக்கள் கணினிக்குள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ரூட்கிட்டை, அதாவது தன்னையும் சில கோப்புகளையும் கண்ணில் படாமல் மறைக்கும் மென்பொருளை, ஒளித்துவைத்தன. அதன் மறைவில் வைரஸ்களும் பதுங்க ஆரம்பித்தன. கடைசியில் சிடிக்களையே திரும்பப் பெற்றார்கள். அடிபட்டது யார்? காசு கொடுத்து வாங்கியவர். திருட்டு எம்பி3 இறக்கியவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாட்டு காதில் விழ வேண்டுமென்றால் பூட்டை எங்கேயாவது திறந்துதானே ஆகவேண்டும்? அதுவும் வாங்கியவரின் கணினியிலேயே. 2009-ல் தன் ஐடியூன்ஸ் இணையக் கடையில் விற்ற பாட்டுகளின் பூட்டை ஆப்பிள் எடுத்துவிட்டது. படங்களையும் மின்னூல்களையும் இன்னும் விடாமல் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள்.