இடது பெடலில் ஒரு டொக்

அப்பாவின் கறுப்பு சைக்கிளைத் துரு தேய்த்து, பிரேக் கட்டை மாற்றி, நான் ஓட்டத் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. போன மாதக் கடைசியில் இடது பெடலை மிதிக்கும்போது காலடியில் ஒரு 'டொக்' தொடங்கியது. சுற்றுக்கு ஒன்று, கணக்குத் தவறாமல். பெடல் உச்சிக்குப் போய் முன்பக்கம் இறங்கத் தொடங்கும் இடத்தில் கால் ஒரு நூலளவு வெறுமையில் விழும்; அதன் பிறகுதான் செயின் இழுபடும். சமதளத்தில் பொறுத்துக்கொள்ளலாம். ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் பல் கூசும்.

இந்தப் பழைய வண்டிகளில் கிராங்க்கை, அதாவது பெடலைத் தாங்கும் தண்டை, அச்சோடு பிடித்திருப்பது போல்ட் அல்ல. ஏறத்தாழ 16 மி.மீ. பருமனுள்ள உருளை அச்சின் நுனியில் ஓரிடம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். கிராங்க்கின் குறுக்கே ஒரு துளை. ஒரு பக்கம் சரிவாகச் சீவிய காட்டர் பின்னை அந்தத் துளையில் அறைந்தால் பின்னின் சரிவு அச்சின் தட்டையில் போய் நெருக்கி உட்காரும். மண்வெட்டிக் காம்பு ஆடினால் ஆப்பு வைக்கிறோமே, அதே வேலைதான்.

இது தெரிந்திருந்தும் முதல் ஞாயிறன்று நான் செய்தது, பின்னின் நட்டை ஸ்பேனர் போட்டு முடுக்கியது. இரண்டு நாள் சத்தம் இல்லை. புதன்கிழமை திரும்பி வந்தது. மறுபடி முடுக்கினேன். வியாழக்கிழமையே வந்தது. மூன்றாவது முறை கொஞ்சம் கோபத்தோடு முடுக்கியதில் நட்டு வெண்ணெய் போலச் சுற்றத் தொடங்கியது. மரை போய்விட்டது.

தெருமுனை சைக்கிள் கடைப் பெரியவர் வண்டியைப் பார்க்காமலே சிரித்தார். "நட்டு ஆப்பை இழுக்காது தம்பி. அறைந்த ஆப்பு வெளியே நழுவாமல் காவல் இருக்கும், அவ்வளவுதான். அடிக்க வேண்டியது சுத்தியல்." இரண்டு புது பின்னும், துண்டு இரும்புக் குழாய் ஒன்றும் தந்தார். பின்னுக்கு 30 ரூபாய் வாங்கிக்கொண்டார். குழாயைத் திருப்பித் தரச் சொன்னார், இன்னும் தரவில்லை.

அந்தக் குழாய் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. பின்னைச் சும்மா அடித்தால் ஒவ்வோர் அடியும் அச்சு வழியாக உள்ளே இருக்கும் பேரிங் குண்டுகளின் மேல் விழும். குண்டு ஓடும் பாதையில் பள்ளம் விழும். குழாயைக் கிராங்க்கின் அடியில் முட்டுக் கொடுத்துத் தரையில் ஊன்றிவிட்டால் அடி நேராகத் தரைக்குப் போய்விடும். பின்னின் நுனி இறங்குவதற்கு அந்தக் குழாயின் ஓட்டையே இடமும் கொடுக்கும்.

இரவு முழுவதும் டீசல் விட்டு ஊறவைத்தேன். காலையில் ஆறு அடி அடித்தும் அசையவில்லை, நுனி மட்டும் பூப்போல விரிந்தது. ஏழாவது அடியில் பொசுக்கென்று இறங்கியது. கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பின்னின் சரிவு முகம் முழுவதும் ஒரே மங்கலான சாம்பல் நிறம்; நடுவில் மட்டும் அரிசி அகலத்துக்கு ஒரு பளபளப்பு. அதன் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தால் மாட்டியது. அங்கே ஒரு படி தேய்ந்திருந்தது. 70 கிலோ ஆள் 17 செ.மீ. கிராங்க்கின் நுனியில் ஏறி நின்றால் அச்சின் விளிம்புக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் அழுத்தம் வந்து சேரும். அதை அந்த அரிசி அகலம் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அப்பா இடது பெடலில் ஒரு கால் வைத்து, வலது காலால் நாலு தத்து தத்தித்தான் ஏறுவார். முழு எடையும் இடது பெடலில். நானும் அப்படித்தான் ஏறுகிறேன், யாரும் சொல்லித்தராமலே.

புது பின்னை அப்படியே அறைந்துவிடவில்லை. சரிவு முழுவதிலும் மகளின் கண்மையைத் தடவி, லேசாக நுழைத்து, திரும்ப எடுத்துப் பார்த்தேன். மேல்பகுதியில் மட்டும் மை அழிந்திருந்தது. அங்கே மட்டும்தான் தொடுகிறது என்று பொருள். அழிந்த இடத்தை நைஸ் அரத்தால் இரண்டு இழுப்பு, மறுபடி மை, மறுபடி நுழைப்பு. ஐந்தாவது சுற்றில் மை முகம் முழுக்கச் சீராக அழிந்தது. கண்மை போன கணக்கை வீட்டில் தனியாகத் தீர்க்க வேண்டியிருந்தது. குழாயை முட்டுக் கொடுத்து, நான்கைந்து அடி, நட்டு, வாஷர். முடிந்தது என்று நினைத்தேன்.

பாலத்தில் ஏறினேன். டொக்.

முன்பைவிட மெலிதுதான். ஆனால் அதே இடது கால், அதே இடம். அரத்தைக் குறை சொல்லி, பின்னைக் குறை சொல்லி ஒரு வாரம் ஓட்டினேன். பிறகுதான் பென்சிலை எடுத்தேன். இரண்டு பக்கமும் அச்சின் முகத்திலிருந்து கிராங்க் வரை ஒரே கோடாக இழுத்தேன். வலது கிராங்க்கை ஃபிரேமோடு கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு இடது கிராங்க்கை முன்னும் பின்னும் ஆட்டினேன். இடது பக்கக் கோடு உடையவே இல்லை. வலது பக்கக் கோடு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நடுவில் விலகி விலகிச் சேர்ந்தது.

கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்த பிறகு விளங்கியது. செயின் வீல் வலது கிராங்க்கோடு சேர்ந்தே இருக்கிறது. வலது கால் மிதிப்பது அச்சுக்குப் போகாமல் நேராகச் செயினுக்குப் போய்விடுகிறது. இடது கால் மிதிப்பதோ இடது பின், அச்சு, வலது பின் என்று சுற்றிப் போய்த்தான் செயினைத் தொடுகிறது. ஆக, இரண்டு பின்னுக்கும் சுமை ஏற்றுவது இடது கால் ஒன்றுதான். எந்தப் பின் தளர்ந்தாலும் 'டொக்' இடது காலில்தான் கேட்கும். சத்தம் வந்த பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நான் இரண்டு வாரம் தொங்கியிருக்கிறேன்.

வலது பக்க வேலை ஒரு மணி நேரம்தான், அதிலும் பாதி என் அவசரத்துக்கு. பின்னைத் தலைகீழாக நுழைத்து அறைந்துவிட்டு நிமிர்ந்தால் இரண்டு கிராங்க்கும் ஒரே நேர்கோட்டில் இல்லை, ஒன்று நொண்டியது. இடது கிராங்க் முன்னால் நிற்கும்போது அதன் நட்டு கீழே பார்த்தால், வலது முன்னால் வரும்போது அதன் நட்டும் கீழே பார்க்க வேண்டும். கழற்றித் திருப்பிப் போட்டேன். இந்த முறை கண்மைக்குப் பதில் அடுப்புக்கரி.

ஆப்பு ஓட ஓட இன்னும் கொஞ்சம் இறங்கும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். 40 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி முட்டுக் கொடுத்து இரண்டிரண்டு அடி. நட்டு கால் சுற்று ஏறியது. 100 தாண்டியதும் அடித்துப் பார்த்தேன், நட்டு அசையவில்லை. பென்சில் கோடுகளை அழிக்காமல் விட்டிருக்கிறேன். நேற்று மழையில் நனைந்து வந்த பிறகும் துடைத்துப் பார்த்தேன். இரண்டும் முறியாமல் இருந்தன.