இருபத்தைந்து டிகிரிக்குக் கீழ்

குடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியில் அடைப்பு ஏற்பட்டு, அழுகிப்போன பகுதியை வெட்டி எடுத்தபின் என் கணவருக்கு எஞ்சிய சிறுகுடல் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். பெரியவர்களுக்கு அது சுமார் 6 மீட்டர் இருக்கும். எஞ்சியதன் முனையை வயிற்றுக்கு வெளியே எடுத்துப் பை பொருத்தியிருக்கிறார்கள். சாப்பிடுவதில் பெரும்பகுதி உடம்பில் ஒட்டாமல் அந்தப் பைக்கே போய்விடுவதால், இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை, மார்பில் பதித்த குழாய் வழியே குளுக்கோஸும் அமினோ அமிலமும் கொழுப்பும் நேராக இரத்தத்தில் இறங்குகின்றன. கையில் குளுக்கோஸ் ஏற்றுவதைப் போல இதை ஏற்ற இயலாது. இவ்வளவு அடர்த்தியான கரைசல் கையின் மெல்லிய இரத்தக்குழாயைப் புண்ணாக்கிவிடும் என்பதால், குழாயின் நுனி இதயத்தை ஒட்டிய பெரிய சிரை வரை செல்கிறது.

இந்தக் கரைசல் வரும், மூன்று அறைகள் கொண்ட உணவுப் பையின் மேல், 25 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வைக்கக் கூடாது என்று அச்சிட்டிருக்கிறது. அச்சிட்டவர் மே மாதத்தில் காட்பாடிக்கு வந்ததில்லை போலும். பாறைக் குன்றுகள் பகலில் வாங்கிய சூட்டை இரவில் திருப்பித் தரும் ஊர் இது. கட்டிலுக்கு முன்னதாக எங்கள் வீட்டுக்கு ஏசிதான் வந்தது. மின்சாரம் போனால் கரைசலை இறக்கும் பம்பு பேட்டரியில் ஓடும், ஏசி ஓடாது. ஈரத்துணியைப் பையின் மேல் போர்த்தலாம் என்றார் அத்தை. ஈரம் கிருமிக்கு வீடு என்று மறுத்துவிட்டேன்.

குழாயை இணைக்கும்போது தூசி பறக்கக் கூடாதென்று மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, கை கழுவி, கையுறை அணிந்து, வாயைத் திறக்காமல் வேலையை முடிக்க வேண்டும். ஒருமுறை, நழுவிய மூக்குக்கண்ணாடியை அதே கையால் தள்ளிவிட்டு, கையுறையை மாற்றாமலே தொடர்ந்தேன். மறுநாள் இரவு பை ஏறத் தொடங்கிய ஒரு மணி நேரத்தில் அவருக்கு உடல் தூக்கிப்போடும் குளிர்நடுக்கமும் 39 டிகிரி காய்ச்சலும் வந்து, இரத்தத்தில் கிருமி என்று பத்து நாள் மருத்துவமனையில் கிடந்தார். காரணம் அந்தக் கண்ணாடிதான் என்று யாரும் சொல்லவில்லை, நான் நம்புகிறேன்.

பார்க்க வருபவர்கள் குளிர்ச்சி என்று இளநீர் வெட்டிக்கொண்டு வருகிறார்கள். உப்பு குறைந்த நீர், குட்டையான குடலில் உடம்பின் உப்பையும் உறிஞ்சி வெளியே இழுத்துவிடும். வெறும் தண்ணீரும் அப்படியே. அளந்து கலந்த உப்புச் சர்க்கரைக் கரைசலை அவர் மடக்கு மடக்காகக் குடிக்கிறார். இளநீரை அத்தையும் நானும் குடிக்கிறோம், அடுப்படியில் நின்றபடி.