கேட்காமல் போன சீவிடு

தக்கலையிலிருந்து குலசேகரம் போகும் வழியில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. ஐப்பசி மழை விட்ட இரவுகளில் தோட்டத்துக்குள்ளிருந்து சீவிடு, அதாவது சில்வண்டு, கத்தும் சத்தம், திண்ணையில் இருவர் பேசிக்கொள்வதற்குக்கூட இடைஞ்சலாக இருக்கும். 2022ஆம் ஆண்டு அப்படியோர் இரவில், "இந்தச் சீவிடு செவியத் துளைக்குது, அந்த ஜன்னல அடைங்க" என்று மனைவி சொன்னபோது, ஜன்னலருகே உட்கார்ந்திருந்த எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மகளை அழைத்துக் கேட்டேன், அவளுக்கும் கேட்டது. அப்போது எனக்கு 43 வயது.

இது எப்படி நேர்ந்தது என்று யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் பிறந்து, கோயில் கொடையையும் தேவாலயத் திருவிழாவையும் ஒன்றுவிடாமல் பார்த்து வளர்ந்தவன் நான். ஆடி அமாவாசையை ஒட்டிக் குழித்துறையில் நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சியில் கச்சேரி என்றால் மேடைக்கு முன்னால் இடம்பிடிக்க அந்தி மயங்கும் முன்பே போய்விடுவோம். மார்கழியில் வாரம் ஒரு கானமேளா, அதாவது மேடைப் பாட்டுக் கச்சேரி. செண்டை முழக்கும் சிங்காரி மேளம் வந்தால் செண்டைக்காரர்களோடு ஒட்டிக்கொண்டு ஊர் முழுவதும் நடப்போம். அதில் இலைத்தாளம் என்னும் உலோகக் கைத்தாளம் அடிப்பவருக்குப் பக்கத்தில் நடப்பதுதான் உச்சம். வீடு திரும்பிப் படுத்தால் செவிக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தம் இருக்கும், காலையில் போய்விடும். போய்விட்டதால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. கச்சேரி நன்றாக இருந்ததற்கு அதை ஓர் அத்தாட்சியாகக்கூட எண்ணினோம் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

என்னைக் கவிழ்த்தது 2021 டிசம்பர் இறுதியில் நடந்த ஒரு கானமேளா. பெருந்தொற்றினால் இடையில் நின்றுபோயிருந்த விழா திரும்ப வந்த மகிழ்ச்சியில் மைதானம் நிரம்பியிருந்தது. மேடையின் இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல் ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். இடதுபக்க அடுக்கிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி எனக்கு இடம் கிடைத்தது. பெட்டியை நேருக்கு நேர் பார்த்து நிற்க முடியாமல் மேடையை நோக்கித் திரும்பி நின்றதால் இடது செவி முழுக்கப் பெட்டியின் வாயை நோக்கியே இருந்தது. பாஸ் அடிக்கும்போது சட்டை நெஞ்சில் ஒட்டி விலகியது. கையிலிருந்த காகிதக் குவளையில் தேநீர் வட்டவட்டமாக அதிர்ந்தது. மூன்று மணி நேரம் அங்கேயே நின்றேன். இடையில் ஒருமுறை மைக் 'கீ' என்று கூவியபோது இடது செவிக்குள் ஊசி குத்தியதுபோல் வலித்தது. அப்போதாவது நகர்ந்திருக்கலாம். பிடித்த இடத்தை விட மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி பேசியது குளத்துக்குள் முங்கிக்கொண்டு கேட்பதுபோல் இருந்தது. இரண்டு நாளில் பேச்சு தெளிந்தது, ஆனால் 'ஙொய்' தெளியவில்லை. ஒரு வாரம் கழித்து மருந்துக் கடையில் சொல்லிச் சொட்டு மருந்து வாங்கி ஊற்றினேன். பிறகு ஒரு மருத்துவமனையில் செவியில் அழுக்கு அடைத்திருக்கிறது என்று சொல்லித் தண்ணீர் பீய்ச்சிச் சுத்தம் செய்து அனுப்பினார்கள். இரைச்சல் அப்படியே இருந்தது. அதன்பின் செவித்துணைக் கருவி விற்கும் ஓரிடத்தில் இலவசச் சோதனை என்று அறிந்து போனேன். சாலையோர அறையில், வெளியே பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, ஐந்து நிமிடத்தில் சோதனையை முடித்து, இரண்டு செவிக்கும் கருவி வேண்டும் என்று விலைப்பட்டியலை நீட்டினார்கள். அந்தச் சோதனை சரியானதல்ல என்று சொல்லும் அறிவு அன்று எனக்கில்லை. கையில் பணமில்லாததால் மட்டுமே தப்பினேன். சீவிடு இரவு வரும்வரை அதற்குமேல் நான் எதுவும் செய்யவில்லை. கிட்டத்தட்ட பத்து மாதங்கள் அப்படிப் போயின.

நாகர்கோவிலில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் போனபோதுதான் முறையாகப் பார்த்தார்கள். அவர் முதலில் செவிப்பறையைப் பார்த்தார், இசைக்கவையைத் தட்டி நெற்றியிலும் செவிக்குப் பின்னாலுள்ள எலும்பிலும் வைத்தார், பிறகு கேட்கும் திறனை அளக்கும் ஆடியோமெட்ரி சோதனைக்கு எழுதினார். ஆனால் அன்றே எடுக்க முடியாது என்றார். முந்தைய நாள் நான் பாடம் நடத்தும் பள்ளியின் ஆண்டுவிழாவில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றதை நான் சொல்லியிருந்தேன். பெரும் சத்தத்துக்குப் பிறகு கேட்கும் திறன் தற்காலிகமாகக் குறைந்திருக்கும், அது சோதனையைக் குழப்பிவிடும் என்பதால் இரண்டு நாள் அமைதியாக இருந்துவிட்டு வரச் சொன்னார்.

சோதனை அறை ஒரு பெரிய அலமாரி அளவுதான் இருந்தது. சுவரெல்லாம் பஞ்சுபோன்ற மெத்தை, கதவை இழுத்து மூடினால் வெளிச்சத்தம் அறவே நின்றுவிடும். தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, எவ்வளவு மெலிதாகக் கேட்டாலும் அழுத்துங்கள் என்றார் சோதனை எடுத்த பெண். அந்த அமைதியில் என் செவியின் இரைச்சல் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பெரிதாகக் கேட்டது. கீச்சொலியான 4000 ஹெர்ட்ஸ் வந்தபோது, வந்தது கருவியின் ஒலியா என் இரைச்சலா என்று பிரித்தறிய முடியாமல் கண்டபடி அழுத்தினேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து அதைக் கவனித்தவர், ஒலியை விட்டுவிட்டு வரும்படி மாற்றினார். இரைச்சல் தொடர்ந்து வரும், சோதனை ஒலி துடித்துத் துடித்து வரும், துடிப்பதற்கு மட்டும் அழுத்துங்கள் என்றார். அதன்பின் குழப்பம் தீர்ந்தது. கடைசியாகச் செவிக்குப் பின்னாலுள்ள எலும்பில் ஒரு சிறிய அதிர்வுக் கருவியை வைத்தும் சோதித்தார்கள். வெளிச்செவியிலோ நடுச்செவியிலோ அடைப்பிருந்தால் எலும்பு வழியாகக் கேட்பது நன்றாக இருக்கும். எனக்கு இரண்டும் ஒரே அளவில் குறைந்திருந்தன. அழுக்கெடுத்ததில் பயனில்லாமல் போனதற்கான காரணம் அப்போது விளங்கியது.

கையில் தந்த தாளில் வலது செவிக்குச் சிவப்பு வட்டமும் இடது செவிக்கு நீலப் பெருக்கல் குறியும் இட்டுக் கோடு இழுத்திருந்தார்கள். கோடு கீழே இறங்க இறங்கக் கேட்கும் திறன் குறைவு என்று பொருள். 250 ஹெர்ட்ஸிலிருந்து 2000 வரை கோடு மேலே சமமாக ஓடியது. 4000க்கு வந்ததும் வலது செவி 30 டெசிபலுக்கும் இடது செவி 45 டெசிபலுக்கும் கிணறுபோல் இறங்கி, 8000இல் மறுபடி ஏறியிருந்தன. இந்தப் பள்ளம்தான் சத்தத்தால் கெட்ட செவியின் கையெழுத்து என்றார் மருத்துவர். சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள நம் செவித் துளை 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைப் புல்லாங்குழல்போலத் தானே பெருக்கி உள்ளே அனுப்புகிறது. அதற்குச் சற்று மேலே உள்ள ஒலிகளைப் பிடிக்கும் இடத்தில்தான் சேதம் முதலில் விழுகிறது. உள்செவியின் நத்தைக்கூட்டுக்குள் ஒவ்வொரு பக்கமும் ஒலியை உணரும் மயிரணுக்கள் சுமார் 15,000 மட்டுமே இருக்கின்றன. கோழிக்குஞ்சுக்கு அவை கெட்டால் திரும்ப முளைக்கும், மனிதனுக்கு முளைக்காது என்று அவர் சொன்னது என்னை மிகவும் தாக்கியது. சீவிடு கத்துவதும் ஏறத்தாழ அந்த 4000, 5000 ஹெர்ட்ஸில்தான். வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளைகள் மெல்லிய குரலில் சொல்லும் பதிலில் சகரமும் ஸகரமும் எனக்கு நழுவுவதற்கும், அதனால் நான் "உரக்கச் சொல்" என்று அவர்களைக் கடிந்துகொண்டிருந்ததற்கும் காரணம் இதுவே.

மருந்துண்டா என்று கேட்டேன். இதற்கு இல்லை என்றார். திடீரென ஒரு செவியின் கேட்கும் திறன் பெரிதும் குறைந்தால் மட்டும் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது, அதற்குத் தரும் ஸ்டீராய்டு மருந்து முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும், இரண்டு வாரம் கடந்தால் பலன் வெகுவாகக் குறையும் என்று எச்சரித்தார். இரைச்சலுக்கு, முழு அமைதியில் படுக்காமல் மின்விசிறியை ஓடவிட்டுத் தூங்கச் சொன்னார். கேட்க அற்பமாக இருந்தது. அந்த வாரமே தூக்கம் வந்தது. செவித்துணைக் கருவி இப்போது தேவையில்லை என்றார். கச்சேரிக்கே போகக் கூடாதா என்று நான் கேட்டதற்கு அவர் சிரித்து, செவியடைப்பான் போட்டுக்கொண்டு போகச் சொன்னார்.

அதைக் கற்றுக்கொள்வதுதான் நான் எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது. அம்மா காலம் முதல் வெடிக்கட்டுக்கு, அதாவது திருவிழா வாணவெடிக்கு, பஞ்சை உருட்டி வைத்தே பழக்கம். பஞ்சு தடுப்பது சொற்பம். மார்த்தாண்டத்தில் பட்டறைச் சாமான்கள் விற்கும் கடையில் ஆரஞ்சு நிற நுரை அடைப்பான் பத்து ரூபாய்க்குக் கிடைத்தது. முதல் இரண்டு முறை அதை விரலால் தள்ளி வைத்தேன், பாதி வெளியே துருத்திக்கொண்டு நின்றது, சத்தம் குறையவில்லை, ஏமாற்று வேலை என்று நினைத்தேன். வைக்கும் முறை வேறு. மடிப்பு விழாமல் அதை உருட்டி உருட்டி ஊதுபத்திக் குச்சியைவிடச் சற்றே தடிமனாக்க வேண்டும். வலது செவிக்கானால் இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து செவி மடலை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும். வளைந்திருக்கும் துளை அப்போது நேராகும். உள்ளே விட்டபின் அது உப்பி நிறையும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாக அமர்ந்தால் நம் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்கும், அதுதான் சோதனை.

நுரை அடைப்பானில் ஒரு குறை உண்டு. அது கீச்சொலிகளை அதிகமாகவும் முழக்கத்தைக் குறைவாகவும் தடுப்பதால் பாட்டு கம்பளிக்குள் சுருட்டியதுபோல் ஆகிவிடும், ஐந்து நிமிடத்தில் பிடுங்கி எறியத் தோன்றும். எறிந்துமிருக்கிறேன். பிறகு இசைக்காரர்கள் பயன்படுத்தும், நடுவில் சிறு வடிகட்டி வைத்த சிலிக்கோன் அடைப்பானை இணையத்தில் வாங்கினேன். ஒரு மாதப் பால்காசு ஆனது. அது எல்லா ஒலியையும் ஏறத்தாழ ஒரே அளவில், 15 டெசிபல்போலக் குறைக்கிறது. 15 என்பது கேட்க அற்பமான எண். ஆனால் அமெரிக்காவின் தொழில்நல நிறுவனமான நியோஷ் வகுத்த கணக்கில் 85 டெசிபலை நாளொன்றுக்கு 8 மணி நேரம் தாங்கலாம், அதன்மேல் ஏறும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் மிஞ்சுவது 15 நிமிடமே. அடைப்பான் சரியாக அமர்ந்தால் அந்த 15 நிமிடம் 8 மணி நேரமாகிறது. முதன்முதலில் அதைப் போட்டுக்கொண்டு சிங்காரி மேளம் கேட்டபோது, இதுவரை ஒரே இரைச்சலாக என்மேல் விழுந்த ஒலியில் உருட்டுச் செண்டை தனியாகவும் வீக்குச் செண்டை தனியாகவும் பிரிந்து கேட்டன. இதை நான் எதிர்பார்க்கவேயில்லை.

மனைவியின் தம்பி ஒலி-ஒளி அமைப்பு வைத்திருக்கிறான். கைபேசியில் டெசிபல் காட்டும் செயலியோடு அவனுடைய கச்சேரி ஒன்றுக்குப் போனேன். பெட்டியிலிருந்து பத்தடியில் 104 காட்டியது. கைபேசி மைக் அந்த உயரத்தில் அவ்வளவு நம்பத்தக்கதல்ல என்றாலும் ஒரு குத்துமதிப்பு கிடைத்தது. திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பதால் பின்னால் போனேன். மைதானத்தின் கோடியில் 88க்கு இறங்கியது. அதற்கப்பால் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் வேறு பெட்டிகளைக் கட்டியிருந்ததால் மறுபடி ஏறியது. எங்கள் ஊர்களில் விலகிப் போவது என்பது ஒரு பெட்டியை விட்டு இன்னொன்றிடம் போவதுதான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கி வைக்கும் பொது இடத்தின் எல்லையில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. அவனிடம் இதைச் சொன்னேன். "அத்தான், முன்னால நிக்கவனுக்கு நெஞ்சு அதிரல்லேன்னா கமிட்டிக்காரங்க மிச்சப் பைசா தரமாட்டாவ" என்றான். அது பொய்யில்லை. 1976இல் லண்டன் சார்ல்டன் மைதானத்தில் 'தி ஹூ' என்ற ராக் இசைக்குழு 126 டெசிபலில் வாசித்ததைக் கின்னஸ் புத்தகம் சாதனையாகவே பதிந்திருந்தது; பிறகு செவிக்கேடு கருதி அந்தப் பிரிவையே கைவிட்டார்கள். அந்தக் குழுவின் கிதார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் தம் கேள்வித்திறன் போனதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். இதையும் மைத்துனனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை; மேடைக்கு நேர் முன்னால் குழந்தைகள் உட்காரும் இடத்தை நோக்கியிருந்த இரண்டு பெட்டிகளை மட்டும் உயர்த்தி வெளிப்புறம் திருப்பிவைத்தான். உன் காதை ஒருமுறை சோதித்துப் பார் என்று அவனிடம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன், போகவில்லை.

ஆண்டுக்கொருமுறை ஆடியோமெட்ரி எடுத்து, பழைய தாளின்மேல் புதியதை வைத்து வெளிச்சத்தில் பார்க்கிறேன். இரண்டு முறையும் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தே இருந்தன. இரைச்சல் போகவில்லை, சீவிடு திரும்பவில்லை. மகளுக்கு நீல நிறத்தில் சிறிய அளவில் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதைப் பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறாள். இந்த முறை சோதனைக்கு மார்கழி முதல் வாரத்தில் நாள் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய இரவு ஊரில் கானமேளா என்பதால் தை மாதத்துக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன்.