ஸ்டார்பக் கையில் இருந்த துப்பாக்கி

1851-இல் வெளிவந்த ஹெர்மன் மெல்வில்லின் 'மோபி டிக்' நாவலைப் பற்றிப் பேச்செடுத்தால், வெள்ளைத் திமிங்கலம் எதைக் குறிக்கிறது என்றே பலரும் கேட்கிறார்கள். 99ஆம் அத்தியாயத்தைப் படித்தவர்கள் அப்படி ஒற்றைப் பதிலைத் தேடமாட்டார்கள். பாய்மரத்தில் அறைந்த தங்க நாணயத்தில், அந்தத் திமிங்கலத்தைப் பழிவாங்கத் துடிக்கும் கேப்டன் ஆகாப் தன்னையே காண்கிறான். கப்பல் அதிகாரிகளில் ஒருவனான ஃபிளாஸ்க்கோ அதற்கு எத்தனை சுருட்டு வாங்கலாம் என்று கணக்குப் போடுகிறான்.

என்னை உலுக்குவது 123ஆம் அத்தியாயம். ஆகாப் உறங்குகிறான். அறைக்கு வெளியே, துணைக் கேப்டன் ஸ்டார்பக்கின் கையில் துப்பாக்கி. முன்பு ஆகாப் அவனை நோக்கி நீட்டிய அதே துப்பாக்கி! சுட்டால் அந்த வெறி வேட்டை நின்று, முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பிழைக்கும். சொந்த ஊரான நான்டக்கெட்டில் இருக்கும் மனைவியையும் மகனையும் அவன் மீண்டும் பார்க்கலாம். ஆனால் அவன், வன்முறையை மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர் மரபில் வந்தவன். தூங்கும் கிழவனைக் கொல்வது கொலைதானே? துப்பாக்கியை இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறான். கடைசியில் கதைசொல்லி இஷ்மேல் தவிர அனைவரும் மாண்டுபோகிறார்கள்.

ஸ்டார்பக்கைக் கோழை என்பவர்களோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன். ஆனாலும் அந்தச் சிறுவனை நினைக்கும்போது, சுட்டிருக்கக் கூடாதா என்று மனம் பதறத்தான் செய்கிறது.